மெர்டசாக்கர் மெதுவானவர்தானா?

கேள்வி, 20 பிப்ரவரி 2018

ஆர்சனல் கால்பந்து அணியின் ஜெர்மன் தடுப்பு ஆட்டக்காரர் பெர் மெர்டசாக்கர் இந்த சீசனோடு ஓய்வு பெறுகிறார் என்று எல்லோரும் புகழ்ந்து எழுதுகிறார்கள். எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. இவ்வளவு மெதுவாக ஓடுகிற ஒருவர் எப்படி ஜெர்மனிக்கு 104 ஆட்டங்கள் ஆடினார்? உயரத்தைத் தவிர அவரிடம் என்ன இருந்தது? ஆர்சனல் ஆட்டங்களில் யார் யாரோ அவரைத் தாண்டி ஓடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

20 பிப்ரவரி 2018, இரவு

மெதுவானவர்தான். அதில் சண்டை போட எதுவும் இல்லை. 1.98 மீட்டர் உயரம், நீண்ட கால்கள், திரும்பி ஓட வேண்டும் என்றால் ஒரு லாரி யு-டர்ன் அடிக்கிற நேரம் ஆகும். 2014 பிப்ரவரியில் ஆர்சனல்காரர்கள் லிவர்பூல் மைதானத்தில் 20 நிமிடத்துக்குள் நான்கு கோல் வாங்கி 5-1 என்று தோற்றார்களே, அடுத்த மாதமே பயிற்சியாளர் வெங்கரின் 1000-ஆவது ஆட்டத்தில் செல்சியிடம் 6-0 வாங்கினார்களே, இரண்டையும் முழுக்கப் பார்த்தவன் நான். பின்னால் காலி இடம் கிடந்து, எதிரணியில் வேகமான ஆள் ஒருவனும் இருந்தால் மெர்டசாக்கருக்கு அது கெட்ட நாள்.

ஆனால் உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. இவ்வளவு மெதுவான ஆள் 104 ஆட்டம் ஆடியிருக்கிறார் என்றால் மற்றவர்களிடம் இல்லாத ஏதோ ஒன்று அவரிடம் இருந்திருக்க வேண்டும் அல்லவா? அடுத்த முறை பழைய ஆட்டம் ஒன்றைப் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். பந்து இன்னும் நடுக்களத்தில் இருக்கும்போதே இரண்டு அடி பின்னால் போய்விடுவார். பந்தைக் கொடுக்கப் போகிறவன் இடுப்பைத் திருப்பும்போதே இவர் கிளம்பிவிடுவார். ஓட்டப் பந்தயத்தில் தோற்பவர், ஆகவே பந்தயமே நடக்காதபடி நிற்பார். அவ்வளவுதான் அவருடைய வித்தை. கீழே விழுந்து சறுக்கிப் பந்தைப் பறிப்பது மிகக் குறைவு, மஞ்சள் அட்டையும் குறைவு. சறுக்கித் தவறினால் எழுந்து துரத்த முடியாது என்று அவருக்குத் தெரியும்.

ஆர்சனலில் அவரும் லோரான் கோஷியெல்னியும் சேர்ந்து ஆடியது அதனால்தான் பொருந்தியது. கோஷியெல்னி முன்னால் பாய்ந்து பந்தை வெட்டுவார், இவர் பின்னால் நின்று வாயால் ஆட்டத்தை நடத்துவார். தலையால் முட்ட வேண்டிய பந்து என்றால் அது இவருடையது, பேச்சே இல்லை.

அப்புறம் 2017 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். அதைப் பார்த்த பிறகுமா இந்தக் கேள்வி? அந்த சீசனில் நீண்ட நாள் முழங்கால் காயம். லீகின் கடைசி நாளில் எவர்ட்டனுக்கு எதிராகக் கோஷியெல்னி சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார், கேப்ரியல் காயத்தில் போனார், அதனால்தான் இவர் களத்துக்கு வந்தார். அந்த சீசனில் அதுதான் முதல் தடவை. ஆறே நாள் கழித்து வெம்ப்ளியில், லீக் சாம்பியன் செல்சிக்கு எதிராக, கேப்டனாக, மூவர் கொண்ட தடுப்பு வரிசையின் நடுவில். ஒரு பக்கம் 21 வயது ராப் ஹோல்டிங், மறு பக்கம் இயல்பில் இடது பேக்கான, அதாவது இடது ஓரத் தடுப்பாளரான, மொன்ரியால். எதிரில் செல்சியின் முன்கள ஆட்டக்காரர் டியேகோ கோஸ்டா. 2016 ஜனவரியில் இதே கோஸ்டாவைக் கீழே வீழ்த்தித்தான் 18-ஆவது நிமிடத்திலேயே சிவப்பு அட்டை வாங்கினார். இந்த முறை கோஸ்டாவைக் கோல் அடிக்கவே விடவில்லை. முகத்தில் ஒரு துளி பதற்றம் இல்லை, மாலை நடைக்கு வந்தவர் மாதிரி ஆடினார். ஆர்சனல் 2-1.

21 பிப்ரவரி 2018

மேலே எழுதியதில் ஒரு தவறு. கோஸ்டா அந்த ஆட்டத்தில் கோல் அடித்தார், 76-ஆவது நிமிடத்தில். செல்சியில் மோசஸ் வெளியேற்றப்பட்டு பத்துப் பேர் ஆன பிறகு. மூன்று நிமிடத்தில் ஆர்சனலின் ராம்சி தலையால் முட்டி 2-1 ஆக்கிவிட்டதால் அந்த நடு மூன்று நிமிடம் என் நினைவிலேயே இல்லை. திருத்திய நண்பருக்கு நன்றி. மெர்டசாக்கர் நன்றாக ஆடினார் என்பதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

21 பிப்ரவரி 2018, மாலை

எங்கிருந்து வந்தார் என்று கேட்டவருக்கு.

ஹனோவரில் பிறந்தவர், 1984 செப்டம்பர். பக்கத்தில் பட்டென்சன் என்ற சின்ன ஊரின் கிளப்பில் தொடங்கி, 1995-இல் ஹனோவர் 96 கிளப்பின் சிறுவர் அணிக்குப் போனார். பதின்ம வயதில் உடம்பு திடீரென்று வளர்ந்ததில் முழங்கால் தாங்காமல் ஏறக்குறைய ஓராண்டு ஆடவே இல்லை. தொழில்முறை ஆட்டக்காரர் ஆவோம் என்ற எண்ணமே அப்போது இல்லை என்று பின்னால் சொல்லியிருக்கிறார். 2003 நவம்பரில் ஜெர்மனியின் முதல் பிரிவு லீகான பண்டஸ்லிகாவில் முதல் ஆட்டம். 2004 அக்டோபரில், இருபதாவது பிறந்தநாள் முடிந்து சில நாளிலேயே, டெஹ்ரானில் ஈரானுக்கு எதிராகப் பயிற்சியாளர் கிளின்ஸ்மன் அவரை ஜெர்மனிக்காக இறக்கினார்.

எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. அப்போது ஜெர்மனியில் ஆண்களுக்குக் கட்டாய இராணுவச் சேவை இருந்தது, அதற்கு மாற்றாகச் சமூக சேவையும் செய்யலாம். இவர் ஒரு மனநல மருத்துவமனையில் வேலை செய்தார். காலையில் நோயாளிகளோடு, பிறகு பயிற்சிக்கு, வார இறுதியில் பல்லாயிரம் பேர் முன்னால் ஆட்டம். 19, 20 வயதில்.

பிறகு 2006 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம், அந்தக் கோடையிலேயே வெர்டர் பிரேமன் கிளப். 2008 யூரோ இறுதியில் ஸ்பெயினிடம் தோல்வி, 2009-இல் பிரேமனோடு ஜெர்மன் கோப்பை, 2010-இல் தென்னாப்பிரிக்காவில் மறுபடி மூன்றாம் இடம். ஆர்சனல் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 8-2 வாங்கிய அதே வாரத்தில், 2011 ஆகஸ்ட் கடைசியில், லண்டனுக்கு வந்தார். வீடு எரிந்துகொண்டிருக்கும்போது குடி வந்தவர் என்று சொல்லலாம்.

24 பிப்ரவரி 2018

2014 உலகக் கோப்பையின் அல்ஜீரியா ஆட்டத்தைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது மறக்காது. நம் நேரப்படி இரவு ஒன்றரை மணிக்குத் தொடங்கியது, மறுநாள் வேலை, 90 நிமிடத்தில் முடியும் என்று நம்பி உட்கார்ந்தேன்.

ஜெர்மனியின் தடுப்பு வரிசை அன்று மேலே ஏறி நின்றது. ஹும்மல்ஸுக்கு உடம்பு சரியில்லை, நடுவில் போட்டெங்கும் மெர்டசாக்கரும். அல்ஜீரியா ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் செய்தது: அவர்களுடைய தலைக்கு மேலே நீளமாக அடி, ஸ்லிமானி ஓடட்டும். மெர்டசாக்கரால் திரும்பி ஓட முடியாது. அப்போது ஜெர்மனியின் கோல்கீப்பர் நொயர் தன் பெட்டியை விட்டு 20, 30 அடி வெளியே வந்து காலால், தலையால் பந்தை அடித்து விரட்டினார். கோல்கீப்பர் இப்படி ஆடலாம் என்று உலகமே பேசியது அந்த ஆட்டத்துக்குப் பிறகுதான். அதற்கு ஒரு காரணம் மெர்டசாக்கரின் கால்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அவர் ரசிகனாக இருந்துகொண்டே சொல்கிறேன்.

கூடுதல் நேரத்தில் 2-1. முடிந்ததும் ஒரு தொலைக்காட்சி நிருபர் ஏன் இவ்வளவு தடுமாற்றம் என்று அவரிடம் கேட்க, அவர் வெடித்துவிட்டார். கடைசி எட்டுக்கு வந்துவிட்டோம், இன்னும் என்ன வேண்டும் உங்களுக்கு, கடைசி பதினாறில் இருப்பவர்கள் என்ன திருவிழா வேடக்காரர்களா, நான் இப்போது மூன்று நாள் பனிக்கட்டித் தொட்டியில் கிடக்கப் போகிறேன் என்றார். அந்தப் பனித் தொட்டி ஜெர்மனியில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. அதிகாலை நான்கே கால் மணிக்குத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆட்டத்தில் பயிற்சியாளர் லோவ் அவரை உட்கார வைத்தார். லாம் வலது பேக்குக்குத் திரும்பினார், நடுவில் ஹும்மல்ஸும் போட்டெங்கும். பிரான்ஸை 1-0 என்று வென்றார்கள், அந்தக் கோலும் ஹும்மல்ஸுடையது. அதற்குப் பிறகு அணியை மாற்ற யாருக்கு மனம் வரும்? பிரேசிலுடன் 5-0 என்று இருந்தபோது இடைவேளைக்குப் பின் இறங்கினார். இறுதி ஆட்டத்தில் 120-ஆவது நிமிடத்தில் ஓசிலுக்குப் பதிலாக. உலக சாம்பியன் ஆன ஆட்டத்தில் அவர் களத்தில் நின்றது கடைசிச் சில நொடிகள். ஆனாலும் நின்றார். சில நாளிலேயே லாமும், அடுத்த மாதம் குளோசேயும் இவரும் தேசிய அணியை விட்டு விலகினார்கள்.

25 பிப்ரவரி 2018

நொயர் 20, 30 அடி என்று எழுதிவிட்டேன். மீட்டர் என்று இருக்க வேண்டும்.

25 பிப்ரவரி 2018

விகன் ஆட்டத்தை யாரும் சொல்லவில்லையே. 2014 எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. ஆர்சனல் ஒன்பது ஆண்டாக எதையும் வெல்லவில்லை, எதிரே இரண்டாம் பிரிவு அணி. இவர் மக்மனமனைக் கால் தட்டிவிட்டுப் பெனால்டி கொடுத்தார், 0-1. வெம்ப்ளியே இருண்டு கிடந்தது. 82-ஆவது நிமிடத்தில் அதே மனிதர் தாழ்ந்து வந்து தலையால் முட்டிச் சமன் செய்தார். பெனால்டிகளில் ஆர்சனல் கோல்கீப்பர் ஃபபியான்ஸ்கி இரண்டைத் தடுத்தார். இறுதியில் ஹல் அணியிடம் எட்டு நிமிடத்தில் 0-2 ஆகி, பிறகு 3-2 என்று வென்றார்கள். அடுத்த ஆண்டு ஆஸ்டன் வில்லாவை 4-0 என்று வென்ற இறுதியில் அவரே ஒரு கோல். ஓடத் தெரியாதவர் என்கிறீர்கள், வெம்ப்ளியில் அவர் இருந்த மூன்று இறுதி ஆட்டங்களும் வெற்றி.

11 மார்ச் 2018

எல்லோரும் படித்திருப்பீர்கள். டெர் ஷ்பீகல் இதழுக்கு மெர்டசாக்கர் ஒரு பேட்டி கொடுத்திருக்கிறார். நேற்றிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால், நடுவர் விசில் ஊதுவதற்குச் சில நொடிகளுக்கு முன், வயிறு புரண்டு குமட்டுமாம். கண்ணில் நீர் வரும் அளவுக்கு ஓங்கரிப்பு வருமாம். யாரும் பார்க்கக் கூடாது, கேமராவில் விழக் கூடாது என்று தலையை இடது பக்கம் திருப்பிக்கொள்வாராம். ஆட்ட நாளில் எழுந்ததும் கழிப்பறை, காலை உணவுக்குப் பின் கழிப்பறை, மதிய உணவுக்குப் பின் ஒரு முறை, மைதானத்தில் மறுபடி ஒரு முறை. ஐநூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். பதினைந்து ஆண்டுகள்.

2006-இல் தன் சொந்த நாட்டில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில், டார்ட்மண்டில், இத்தாலி 119-ஆவது நிமிடத்தில் கோல் அடித்து வெளியேற்றியபோது, வருத்தம் இருந்தது, ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாக நிம்மதியாக இருந்தது என்கிறார். முடிந்தது, முடிந்தது, ஒரு வழியாக முடிந்தது என்று. அப்போது அவருக்கு 21 வயது. காயம் வந்தால் ஓய்வு கிடைக்கிறதே என்று நினைத்ததையும் சொல்லியிருக்கிறார். இந்தக் கடைசி ஆண்டில் ஆடுவதைவிட பெஞ்சில் உட்காருவது மேல், அதைவிட ரசிகர் இருக்கையில் உட்காருவது மேலும் மேல் என்கிறார்.

நான் மூன்று வாரத்துக்கு முன்னால் இங்கே எழுதினேன்: முகத்தில் ஒரு துளி பதற்றம் இல்லை, மாலை நடை மாதிரி ஆடினார் என்று. அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

11 மார்ச் 2018, நள்ளிரவு

அழிக்கலாம் என்று நினைத்தேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும். நாம் பார்த்தது அதுதான்.

12 மார்ச் 2018

இதை எழுதலாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன்.

நான் கல்லூரியில் நான்கு ஆண்டு சென்டர் பேக், அதாவது நடுத் தடுப்பாளனாக, ஆடினேன். உயரமான பையன், வேகம் இல்லை, பின்னால் நிற்க வைத்துவிட்டார்கள். மெர்டசாக்கரைப் பிடிக்கத் தொடங்கியதே அதனால்தான், என்னை மாதிரி ஒருவன் உலகக் கோப்பை ஆடுகிறான் என்று. ஆனால் நான் யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. முக்கியமான ஆட்டம் என்றால் அன்று காலையிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்காது. அம்மா இட்லி வைத்தால் ஒன்றைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே வைத்திருப்பேன். மைதானத்துக்குப் போனதும் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த வேப்ப மரத்தடிக்கு ஒருமுறை போய் வருவேன். வெறும் தண்ணீர்தான் வரும், சில நாள் மஞ்சளாகப் பித்தம் வரும். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, ஷூ லேஸ் கட்டப் போனேன் என்று சொல்வேன். வீட்டில் பித்த உடம்பு என்று முடிவு செய்து, இஞ்சியைத் தட்டிச் சாறு எடுத்துத் தேன் விட்டுக் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு குடித்தேன்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் போய்விடும். முதல் பந்தைத் தலையால் முட்டியதும் வயிறு அமைதியாகிவிடும். அதனால் இது நோய் என்றே தோன்றவில்லை. எனக்கு மட்டும் இருக்கிற ஒரு அசிங்கம் என்று நினைத்தேன்.

ஒரே ஒருமுறை எங்கள் பயிற்சியாளர் பார்த்துவிட்டார். எல்லோர் முன்னாலும், இவனுக்கு மசக்கை போலிருக்கிறது என்றார். அணியே சிரித்தது. அதற்குப் பிறகு ஆட்ட நாளில் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் எல்லாவற்றையும் முடித்துவிடுவேன். இறுதியாண்டில் மண்டல அரையிறுதிக்கு முதல் நாள் பயிற்சியில் கணுக்கால் பிசகியது. எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அன்றிரவு போலத் தூங்கியதே இல்லை. அப்படித் தூங்கினேன் என்பதற்காகப் பல ஆண்டு என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

உலகக் கோப்பை வென்ற ஒருவர் அதையே சொல்கிறார். எனக்கு இப்போது 34 வயது. பதினான்கு ஆண்டு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

14 மார்ச் 2018

லோத்தர் மட்டாவுஸ் சொன்னதை ஒருவர் இங்கே ஒட்டியிருக்கிறார். அழுத்தம் அதிகம் என்று சொல்பவர் இளம் ஆட்டக்காரனுக்குத் தொழில் ஒழுக்கத்தை எப்படிக் கற்றுக்கொடுப்பார், அது நடக்காது என்பது அவர் வாதம். மெர்டசாக்கர் இந்தக் கோடையில் ஆர்சனல் அகாடமியின் தலைவராகப் போகிறார், அதைத்தான் குறிவைத்துச் சொல்கிறார்.

மட்டாவுஸைச் சாதாரணமாகத் தள்ள முடியாது. 150 ஆட்டம் ஜெர்மனிக்கு ஆடியவர், 1990-இல் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கியவர். அவருக்கு அழுத்தம் என்பது பசி மாதிரி இருந்திருக்கலாம். ஆனால் அவர் எதை விட்டுவிட்டார் என்று பாருங்கள். மெர்டசாக்கர் ஆடாமல் ஓடிப்போகவில்லை. குமட்டிக்கொண்டே ஐநூறு ஆட்டம் ஆடினார். 2013 டிசம்பரில் மான்செஸ்டர் சிட்டியிடம் 6-3 என்று தோற்றபோது, ரசிகர்களுக்குக் கை தட்டி நன்றி சொல்லாமல் போன ஓசிலை மைதானத்திலேயே பிடித்துச் சத்தம் போட்டவர் இவர்தான். தொழில் ஒழுக்கம் இவருக்கா தெரியாது?

பதினாறு வயதுப் பையனிடம், வயிறு புரளும், எனக்கும் புரண்டது, இருந்தாலும் ஆடலாம், முடியவில்லை என்றால் வந்து சொல் என்று சொல்ல முடிகிற ஆள் அகாடமியில் இருக்க வேண்டுமா வேண்டாமா? எனக்கு மசக்கை ஜோக் சொன்னவர்தான் கிடைத்தார்.

15 மார்ச் 2018

நேற்று கோபத்தில் எழுதிவிட்டேன். ஒரு நண்பர் தனியாகக் கேட்டது நியாயமானது: கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர், பிடிக்கவில்லை என்றால் விட்டிருக்கலாமே, எத்தனை பேர் அந்த இடத்துக்கு ஏங்குகிறார்கள்?

இதற்கு என்னிடம் முழு பதில் இல்லை. சலுகை பெற்ற வாழ்க்கை என்று அவருக்கே தெரிகிறது, பேட்டியிலும் அதை மறைக்கவில்லை. ஆனால் நான் ஒரு ரூபாய் வாங்காமல் ஆடினேன், எனக்கும் வந்தது. சம்பளம் வாங்கினால் வயிறு கேட்குமா? அத்தோடு அவர் ஆட்டத்தை வெறுக்கவில்லை என்றுதான் படித்த பிறகும் நினைக்கிறேன். தன் தவறால் ஒரு கோல் விழுமோ என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. முன்கள ஆட்டக்காரன் ஐந்து வாய்ப்பை வீணடித்து ஆறாவதில் கோல் போட்டால் நாயகன். சென்டர் பேக் 89 நிமிடம் சரியாக நின்று ஒரு தடவை தவறினால் மறுநாள் பத்திரிகையில் அவன் முகம்தான். மொனாக்கோவுடன் 2015-இல் சொந்த மைதானத்தில் 3-1 என்று தோற்ற இரவில் அவரைப் பற்றி நாம் என்னென்ன எழுதினோம் என்று தேடிப் பார்த்தேன். நானும் எழுதியிருக்கிறேன்.

18 மார்ச் 2018

பனித் தொட்டிப் பேட்டியை மறுபடி பார்த்தேன். முதல் தடவை சிரித்தவன் இந்த முறை சிரிக்கவில்லை. 120 நிமிடம், பின்னால் காலி இடம், ஒவ்வொரு நீளப் பந்துக்கும் இதயம் வாய்க்கு வந்திருக்கும், அன்று காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் நின்றிருக்காது. வெளியே வந்ததும் ஒருவர் மைக்கை நீட்டி, ஏன் தடுமாறினீர்கள் என்கிறார். மூன்று நாள் பனியில் கிடக்கிறேன், என்னை விடுங்கள் என்றுதான் அது இப்போது என் காதில் விழுகிறது.

பிரான்ஸ் ஆட்டத்தில் உட்கார வைக்கப்பட்டபோது அவருக்கு வலித்ததா, நிம்மதியா என்று ஒருவர் கேட்கிறார். இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம். என் கணுக்கால் இரவில் எனக்கு இரண்டும் இருந்தது.

19 மார்ச் 2018

ராபர்ட் என்கேயை நினைக்காமல் இதைப் பேச முடியாது. ஹனோவர் 96-இன் கோல்கீப்பர். 2004 முதல் 2006 வரை மெர்டசாக்கரோடு ஒரே அணி, ஒருவர் பின்னால் ஒருவர் நின்று ஆடியவர்கள். 2009 நவம்பர் 10 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பல ஆண்டு மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார் என்று அதற்குப் பிறகுதான், மனைவி தெரேசா சொல்லித்தான் வெளியே தெரிந்தது. ஜெர்மனி சிலியுடன் ஆட இருந்த ஆட்டத்தை ரத்து செய்தார்கள். ஹனோவர் மைதானத்தின் நடுவட்டத்தில் சவப்பெட்டி இருந்தது, பல்லாயிரம் பேர் வந்தார்கள்.

மெர்டசாக்கருக்கு இருந்ததும் என்கேக்கு இருந்ததும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒன்று நோய், இன்னொன்று வேறு. ஆனால் ஒரே உடை மாற்றும் அறையில் உட்கார்ந்தவர்கள், இருவரும் மறைத்தார்கள். எட்டு ஆண்டுக்குப் பிறகு ஒருவர் வாயைத் திறந்திருக்கிறார், உடனே நீ பயிற்சியாளராக லாயக்கில்லை என்கிறார்கள். மட்டாவுஸ் மேல் என் கோபம் தணியாததற்குக் காரணம் இதுதான்.

7 மே 2018

நேற்று ஆர்சனல் பர்ன்லியை 5-0. வெங்கரின் கடைசி உள்ளூர் ஆட்டம், எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள், அது சரிதான், 22 ஆண்டு. கடைசிப் பகுதியில் மெர்டசாக்கரும் இறங்கினார். மைதானமே எழுந்து கத்தியது. ஆர்சனலுக்கு 221 ஆட்டங்கள். வெளியே உட்கார்ந்திருந்து இறங்கியதால் தொடக்க விசில் இல்லை. அதனால் இந்த ஒரு முறையாவது குமட்டியிருக்காது என்று நம்புகிறேன்.

28 ஜூன் 2018

உலகக் கோப்பையில், கசானில், தென்கொரியாவிடம் 0-2. ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியே. வேகமான ஆள் ஓடினால் ஹும்மல்ஸும் போட்டெங்கும்கூடத் தடுமாறுகிறார்கள், மெக்சிகோ ஆட்டத்திலேயே தெரிந்தது. தடுப்பு வரிசைக்கு முன்னால் யாரும் பந்தைத் துரத்தவில்லை என்றால் பின்னால் நிற்பவன் எவ்வளவு வேகமானவன் என்பது கணக்கிலேயே வராது. இந்த இழையின் முதல் கேள்விக்கு நான் அன்று சொல்ல மறந்தது இது.

2 டிசம்பர் 2019

ஆர்சனலில் பயிற்சியாளர் எமெரியை நீக்கிவிட்டு லியுங்பெரியைத் தற்காலிகப் பொறுப்பாளர் ஆக்கினார்கள் அல்லவா, நேற்று நார்விச் ஆட்டத்தில் அவர் பக்கத்தில் உதவியாளராக மெர்டசாக்கர். 2-2. ஆட்டத்தைவிட அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், பழைய நிற்பு.

19 செப்டம்பர் 2022

ஈதன் நுவானேரி. 15 வயது 181 நாள். நேற்று பிரென்ட்ஃபோர்டுடன் கடைசி நிமிடத்தில் இறங்கினான், பிரீமியர் லீகில் ஆடிய மிக இளையவன். அகாடமிப் பையன். சாகா வளர்ந்து வந்ததும் இந்த அகாடமியிலிருந்துதான், அவன் மெர்டசாக்கர் வருவதற்கு முன்பே அங்கே இருந்தான் என்பதால் முழுப் பெருமையையும் இவருக்குக் கொடுக்க மாட்டேன்.

ஏறக்குறைய மூன்று ஆண்டு கழித்து இங்கே வந்ததற்கு வேறு காரணமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒரு பையன் ஆட்டத்துக்கு முன் சுவரோரம் போய்க் குனிந்து நின்றான். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன். எனக்கும் இப்படித்தான் வரும் என்றேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு, உங்களுக்குமா அண்ணா என்றான். ஜெர்மனிக்காரர் ஒருவருக்கும் வரும் என்று சொல்லி ஃபோனில் படம் காட்டினேன். இவ்வளவு உயரமா என்று கேட்டுவிட்டு ஆடப் போய்விட்டான்.

8 ஜூன் 2025

மெர்டசாக்கர் அகாடமிப் பொறுப்பை முடித்துக்கொண்டார். ஏழு சீசன். நுவானேரி, லூயிஸ்-ஸ்கெல்லி இருவரும் முதல் அணிக்கு ஏறிவிட்டார்கள். மட்டாவுஸ் கேட்ட கேள்விக்கு இனி நான் எதுவும் எழுத வேண்டியதில்லை.

ஒன்று மட்டும். அந்தப் பேட்டி வந்த நாளிலிருந்து அவ்வப்போது பழைய ஆட்டங்களின் தொடக்கத்தைப் போட்டுப் பார்ப்பேன். 2006 இத்தாலி, 2010 அர்ஜென்டினா, அல்ஜீரியா, 2017 வெம்ப்ளி. தலையை இடது பக்கம் திருப்புகிறாரா என்று. ஒன்றில்கூடப் பிடிக்க முடியவில்லை. விசில் ஊதும் நேரத்தில் கேமரா நடுவட்டத்தில் பந்தின் மேல் இருக்கிறது, பின்வரிசையைக் காட்டும்போது அவர் ஏற்கெனவே நிமிர்ந்து கையை நீட்டி யாருக்கோ இடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.